நின்று பார்க்காத மேஜை

அத்தியாயம் 9

போன வாரம் நம் சின்னவரைக் கைதட்டலுக்கு நடுவில் விட்டுவிட்டு வந்தோம். மூக்குக்கண்ணாடி செய்கிற லேபில் புது சாப்ட்வேர் ஓடத் தொடங்கிய நாள் அது. எல்லோரும் மேடம் என்று அழைக்கும் முதலாளியம்மா, பழைய ஆர்டர் நோட்டைத் தன் கையாலேயே எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஓரமாக நின்ற அண்ணி, நம்ம வீட்டுப் பிள்ளைக்குத் தட்டுகிறார்கள் என்ற பூரிப்பில் மற்றவர்களைவிட நாலு தட்டு கூடுதலாகவே தட்டினார்.

அது நடந்து ஒன்பது நாள் ஆகிறது. இன்று அந்த லேபில் யாரும் யாருக்கும் கைதட்டுகிற நிலையில் இல்லை.

இந்த வாரம்தான் முதல்முறையாக உள்ளே வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சின்னவருக்குத் தொழில், கம்பெனிகளுக்கு சாப்ட்வேர் ஏற்றிக் கொடுப்பது. அண்ணிக்கு அந்த லேபில் பதினாலு வருடமாக ஆர்டர் மேஜை. கடைகளிலிருந்து வரும் பவர் சீட்டுகளைச் சரிபார்த்து லென்ஸ் அரைக்கிற பகுதிக்கு அனுப்புகிறவர் அவர்தான். "எங்க வீட்டுத் தம்பி இந்த வேலைதான் மேடம் செய்றார்" என்று சொல்லி, சின்னவரை அந்தப் படியேற்றியதும் அவர்தான்.

காலை ஏழரைக்கு சின்னவர் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது மேடத்திடமிருந்து போன் வந்தது. அண்ணி ஏழு மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டிருந்தார்.

மேடம் குரலை உயர்த்தவில்லை. விஷயத்தை மட்டும் சொன்னார். ஒரு பெண்மணிக்கு வாழ்க்கையிலேயே முதல் கண்ணாடி. போட்ட நாளிலிருந்து தூரத்தில் இருப்பதெல்லாம் கலங்கித் தெரிகிறது என்று சொல்லியிருக்கிறார். புதுசு அப்படித்தான் இருக்கும், பழகிடும் என்று கடைக்காரர் சமாதானம் சொல்லி அனுப்பியிருக்கிறார். நேற்று லைசன்ஸ் வாங்கப் போன இடத்தில் சுவரில் இருந்த எழுத்தை வாசிக்கச் சொன்னார்களாம். கண்ணாடியோடு முதல் வரியிலேயே நின்றுவிட்டார். கழற்றிவிட்டு வாசித்தால் இரண்டு வரி கூடுதலாக வருகிறது. அங்கே இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

மைனஸ் பவர் வேண்டிய கண்ணுக்கு பிளஸ் பவர் போயிருக்கிறது. இன்னும் இரண்டு கடை இதே மாதிரி சொல்கிறது. ஒன்பது மணிக்கு எல்லாரும் மேலே வாங்க என்று சொல்லி மேடம் வைத்துவிட்டார்.

பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அண்ணன் அப்போதுதான் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். தம்பியின் முகம் பேயறைந்த மாதிரி இருப்பதைக் கவனித்து என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்றார் சின்னவர். அண்ணனும் விட்டுவிட்டார். விட்டவர் சும்மா போயிருக்கலாம்.

"உங்க அண்ணிக்குத்தான்டா இப்ப பொழுதே போகல. போன் பேசற வேலையை நீ எடுத்துட்டியாம், கை நமநமங்குதாம்" என்று சிரித்தார். "அவ அங்க போறதே போன்ல அரட்டை அடிக்கத்தானே."

அந்த வீட்டில் இது பத்து வருடத்துப் பழைய கிண்டல். அண்ணியும் கூடவே சிரிப்பார். இன்று மட்டும் அது சின்னவரின் தொண்டையில் மீன்முள் போல நின்றது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

லேபின் மாடியில் மீட்டிங் அறை. அதன் ஒரு சுவர் முழுக்கப் பழுப்புத் தாள் ஒட்டி, அதன்மேல் மஞ்சள் சீட்டுகளாக ஒட்டியிருந்தார் சின்னவர். ஒரு ஆர்டர் உள்ளே வருவதிலிருந்து பெட்டியில் போய் உட்காருவது வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு சீட்டு. எந்தப் படி வீண் என்று தெரிகிறதோ அதன்மேல் ஒரு சிவப்புப் பொட்டு. வீணை வெட்டி எறிந்த பிறகுதான் மிச்சத்தை சாப்ட்வேரில் ஏற்ற வேண்டும். குப்பையோடு ஏற்றினால் குப்பைதான் வேகமாக ஓடும். இதற்கு லீன் முறை என்று பெயர். சின்னவர் நாலு கம்பெனியில் செய்து நல்ல பெயர் வாங்கியிருக்கிறார்.

அந்த முறைக்கு முதல் விதி ஒன்று உண்டு. வேலை நடக்கிற இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். அறையில் உட்கார்ந்து யோசிக்கக் கூடாது. செய்கிறவரின் பக்கத்தில் நின்று, பார்த்து, இது எதுக்கு என்று அவரிடமே கேட்க வேண்டும். சின்னவர் வகுத்துக்கொண்ட கணக்குப்படி மூன்று நாளில் எல்லா மேஜையும் முடிக்க வேண்டும். மேஜைக்கு ஒரு படிவம், கீழே "நேரில் நின்று பார்த்தேன்" என்று கையெழுத்து.

லென்ஸ் அரைக்கிற இடத்தில் நின்றார். காதுக்குள் இரைச்சல் போகவே இரண்டு நாள் ஆனது. ஃபிரேம் மாட்டுகிற இடத்தில் நின்றார். பெட்டி ஒட்டுகிறவர்களிடம்கூட நின்று, பசை டப்பா கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து நகர்த்தி வைத்தார். அவர்கள் இன்றைக்கும் அதற்காக அவரை வாழ்த்துகிறார்கள்.

ஆர்டர் மேஜையில் மட்டும் நிற்கவில்லை.

சொந்த அண்ணியின் முதுகுக்குப் பின்னால் கையில் கடிகாரத்தோடு எப்படிப் போய் நிற்பது? கூச்சம். அப்புறம், ஒரே வீடு. தினமும் சேர்ந்து சாப்பிடுகிற ஆளிடம் தனியாகக் கேட்க என்ன இருக்கிறது? எல்லாம் தெரிந்ததுதானே. படிவத்தை வீட்டிலேயே உட்கார்ந்து நிரப்பினார். "கடைக்காரர்களுடன் தொலைபேசிப் பேச்சு, நாளைக்கு இரண்டு மணி நேரம். பயன் இல்லை." கீழே கையெழுத்து. அடுத்த நாள் சுவரில் அந்தச் சீட்டுக்கு ஒரு சிவப்புப் பொட்டு.

அண்ணன் சாப்பாட்டு நேரத்தில் அடிக்கிற ஜோக்கை எடுத்து அலுவலகக் காகிதத்தில் எழுதிவிட்டார் மனிதர். அவரைத் திட்ட வேண்டும் போல இருந்தால் தாராளமாகத் திட்டுங்கள். எழுதுகிற எனக்கே இரண்டு நாளாக அவர்மேல் ஆத்திரம்.

ஒன்பது மணிக்குப் பத்துப் பேர் அந்தச் சுவருக்கு முன்னால் கூடினார்கள். சின்னவர் பொட்டு வைத்த சீட்டைப் பார்க்காமல் இருக்க மிகவும் முயன்றார்.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. மூன்று ஆர்டரையும் திரையில் எடுக்கச் சொன்னார். கடையில் பதிகிறார்கள், ஆர்டர் மேஜையில் 'ஏற்றேன்' என்ற பட்டனை அழுத்துகிறார்கள், லென்ஸ் பகுதிக்குப் போகிறது. மூன்றிலும் ஏற்றவர் பெயருக்கு நேராக இருந்தது அண்ணியின் பெயர்.

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. அண்ணி எழுந்து நின்றார். முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டார்.

"நான்தான் மேடம்."

"பதினாலு வருஷத்துல உங்ககிட்ட ஒரு குறிகூட மாறினதில்லையேம்மா."

"புது ஸ்கிரீன் இன்னும் கண்ணுக்குப் பழகல மேடம். நான் கவனிச்சிருக்கணும்."

இது பொய். பொய் என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும்.

கடைக்காரர் பிளஸ், மைனஸ் குறி போடாமல் விட்டால் புது சாப்ட்வேரில் ஆர்டர் நகராமல் நின்றது. கடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அதனால் காலியாக விட்டால் பிளஸ் என்று தானாகவே விழும்படி வைத்தவர் சின்னவர். அண்ணியின் திரைக்கு வரும்போது அது கடைக்காரர் போட்ட பிளஸ்ஸா, தானாக விழுந்த பிளஸ்ஸா என்று யாருக்கும் தெரியாது. முதலில் இரண்டு கடையில் மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதும் லீன் முறைதான். அதையும் செய்தார். செய்த இரண்டும் கச்சிதமாக எழுதுகிற கடைகள்.

இன்னொன்றும் இருக்கிறது. முதல் நாளே அண்ணி கேட்டார். "தம்பி, இந்தக் குறியை அவங்க போடாம விட்டா?" என்று, எல்லோரும் தேநீர் குடிக்கப் போன நேரத்தில், தனியாக, அவர் மரியாதை கெடாதபடி கேட்டார். "அதெல்லாம் சிஸ்டம் பாத்துக்கும் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனவர் சின்னவர்.

இப்போது அவர் வாயைத் திறக்க வேண்டிய நேரம். ஒரே வாக்கியம் போதும். மற்ற நாலு கம்பெனி, பெட்டி ஒட்டுகிறவர்களின் வாழ்த்து, போன வாரத்துக் கைதட்டல் எல்லாம் சேர்ந்து அவர் வாயை அடைத்தன. அவர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். பிறகு மறுபடியும் திறந்தார்.

மேடம் பெருமூச்சு விட்டார். நாளையிலிருந்து அண்ணி பேக்கிங் பக்கம் இருக்கட்டும், ஆர்டர் மேஜைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். தண்டனையாக நினைக்க வேண்டாம் என்றும் சொன்னார். அந்த வார்த்தையைச் சொன்ன பிறகுதான் அது தண்டனை என்று எல்லோருக்கும் புரிந்தது.

அண்ணி சரி மேடம் என்றார். யாரையும் பார்க்காமல் கீழே இறங்கிப் போனார்.

சின்னவர் மாடியிலேயே உட்கார்ந்து, இந்த ஒன்பது நாளில் குறி தானாக விழுந்த ஆர்டர்கள் எத்தனை என்று சாப்ட்வேரின் உள்பதிவிலிருந்து எடுத்தார். முப்பத்தொன்று. முப்பத்தோரு ஜோடிக் கண்கள். இதில் சிலது உண்மையிலேயே பிளஸ்ஸாக இருக்கலாம். எது எது என்று சாப்ட்வேரைக் கேட்டால் அதற்குத் தெரியாது. சீட்டு எழுதிய கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும். கேட்கிற வேலைக்குத்தான் அவர் சிவப்புப் பொட்டு வைத்திருந்தார்.

கோப்பைத் திறந்து அந்தப் படிவத்தை எடுத்தார். தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அழகான கையெழுத்து, அடியில் ஒரு கோடு வேறு. மனிதருக்கு வெட்கத்தில் காது மடல் சுட்டது. சாப்பாட்டு மணி அடித்தது அவர் காதில் விழவில்லை.

மூன்று மணிக்கு ஏதோ வேலையாகக் கீழே போனார். போனவர், அண்ணி மேஜை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருப்பதைத் தூரத்திலிருந்தே பார்த்தார். ஒரு சீப்பு, தலைவலித் தைலம், ஒரு பூதக்கண்ணாடி. பூதக்கண்ணாடியைத் துணியில் துடைத்துத் துடைத்துப் பையில் வைத்தார். அது லேபுடையது இல்லை போல. சொந்தமாக வாங்கி வைத்துப் பதினாலு வருடம் அடுத்தவர் எழுத்தைப் படித்திருக்கிறார்.

சின்னவர் அப்படியே திரும்பி மேடத்தின் அறைக்குப் போனார். கதவைச் சாத்தினார். படிவத்தை மேஜைமேல் வைத்தார்.

"இது பொய் மேடம். நான் அந்த மேஜைல நிக்கவே இல்ல."

மீதியையும் சொன்னார். பிளஸ் விழ வைத்தது தான்தான், அண்ணி முதல் நாளே எச்சரித்தார், காலையில் அவர் தன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று எல்லாவற்றையும் கொட்டினார். முப்பத்தோரு ஆர்டர் இருப்பதையும் சொன்னார். சொல்லி முடித்ததும் மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தார்.

மேடம் படிவத்தை வாசித்தார். பிறகு சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்.

"அவங்க பத்துப் பேர் முன்னாடி எழுந்து நின்னாங்க. நீங்க கதவைச் சாத்திட்டு சொல்றீங்க."

சின்னவருக்கு உட்காரவும் தோன்றவில்லை, நிற்கவும் தோன்றவில்லை.

"நாளைக்கு ஒன்பது மணிக்கு அதே பத்துப் பேர் வருவாங்க. அதே சுவர் முன்னாடி சொல்லுங்க. அவங்க மேஜையைப் பத்தி அப்புறம் பேசறேன்." படிவத்தை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. தன் இழுப்பறைக்குள் வைத்தார். "நீங்க தொடர்ந்து இங்க வரணுமா வேண்டாமாங்கறதையும் அப்புறம்தான் பேசணும். முதல்ல அந்த முப்பத்தோரு பேரைக் கண்டுபிடிங்க."

மனசு லேசாகவில்லை. இன்னும் ஒரு சுமை ஏறியது. பட்டியலை எடுத்துக்கொண்டு ஆர்டர் மேஜைக்குப் போனார். அதை அண்ணியிடம் நீட்டினார். அண்ணி மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். பையில் போட்ட பூதக்கண்ணாடியை மறுபடி வெளியே எடுத்தார். போனை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

சின்னவர் பக்கத்தில் நின்றார். மற்ற மேஜைகளில் நின்ற அந்த மூன்று நாளும், பிறகு இந்த ஒன்பது நாளும் நிற்காத இடத்தில் நின்றார்.

பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று அண்ணி ஒருவரிடம்கூடக் கேட்கவில்லை. முதலில் அது சின்னவருக்குப் புரியவே இல்லை. கேட்க வேண்டியதை விட்டுவிட்டு இவர் வேறு எதையோ பேசுகிறாரே என்று பட்டியலைத் தட்டிக் காட்டக்கூடப் போனார். அண்ணி கையை அசைத்து நிறுத்தினார்.

"அந்தத் தாடிக்காரர் தூரத்துல பஸ் நம்பர் தெரியலன்னு வந்தாரா, இல்ல பேப்பர் எழுத்து தெரியலன்னு வந்தாரா?" என்றார் போனில். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். "பஸ் நம்பரா? சரி. அந்தக் கண்ணாடியை வாங்கி வைங்க, போட வேண்டாம்னு சொல்லுங்க. நாளைக்கு வேற வரும்."

வைத்துவிட்டு, பட்டியலில் ஒரு கோடு. அடுத்த எண்.

பிளஸ்ஸா என்று கேட்டால் பாதிக் கடைக்காரர்கள் ஆமாம் என்பார்கள், மைனஸ்ஸா என்றாலும் ஆமாம் என்பார்கள் என்று, எண் சுழற்றுகிற இடைவெளியில் அண்ணி சொன்னார். சீட்டைப் பார்க்கச் சோம்பல். ஆனால் வந்த ஆளை மறக்க மாட்டார்கள். ஆளைப் பற்றிக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். இன்னொரு கடையில் டாக்டர் மைனஸை வெறும் கீறலாகப் போடுவார், அங்கே கேட்காமல் ஒன்றையும் அனுப்பக் கூடாது. இன்னொரு கடைக்காரருக்கு அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அதை முதலில் விசாரிக்காவிட்டால் அவர் அடுத்த கேள்விக்குச் சிந்தித்துப் பதில் சொல்லவே மாட்டார்.

அண்ணன் அரட்டை என்று சிரித்தது இதைத்தான். சின்னவர் பயன் இல்லை என்று எழுதியதும் இதைத்தான்.

ஒவ்வொரு போனுக்கும் அவர் தலை ஒரு விரற்கடை தாழ்ந்தது. விசாரித்த முப்பதில் பத்தொன்பது தப்பு. பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தித் தரச் சொல்லி மகளிடம் கெஞ்சுகிற ஒரு டீச்சர் இருந்தார். தன் கண்ணுக்குக் கண்ணாடியே ராசியில்லை என்று அதைப் பரணில் தூக்கிப் போட்ட ஒருவர் இருந்தார். காலையில் புகார் வந்த மூன்று பேரைத் தவிர மற்ற எல்லோரும் தங்கள் கண்ணைத்தான் குற்றம் சொல்லியிருந்தார்கள். ஒருவர்கூடக் கண்ணாடியைச் சொல்லவில்லை.

ஐந்தரை மணிக்கு முப்பது முடிந்தது. முப்பத்தொன்றாவது ஆர்டரின் கடை போனை எடுக்கவில்லை. ஊருக்கு வெளியே, வண்டிகள் நிற்கிற சாலையில் இருக்கிற கடை அது, அங்கே கண்ணாடி வாங்குகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் லாரி ஓட்டுகிறவர்கள் என்று அண்ணி சொன்னபோது இரண்டு பேர் முகமும் ஒரே நேரத்தில் மாறியது. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை.

அந்தக் காத்திருப்பில்தான் சின்னவர் சொன்னார். மேடத்திடம் சொல்லிவிட்டதை, நாளைக் காலை பத்துப் பேர் முன்னால் சொல்லப் போவதை.

அண்ணி போனைக் கீழே வைக்கவில்லை. சந்தோஷமும் படவில்லை.

"காலைல நான் எழுந்து நின்னது உங்களைக் காப்பாத்தறதுக்குன்னு நினைச்சீங்களா தம்பி?"

அவர் அப்படித்தான் நினைத்திருந்தார்.

"உங்களை இங்க கூட்டிட்டு வந்தது நான். அது பத்துப் பேருக்கும் தெரியும். நீங்க தலை குனிஞ்சா அதைப் பார்த்துக்கிட்டு நான் எப்படி உட்கார்ந்திருக்கறது? அதைவிட நானே குனிஞ்சுடலாம்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

சின்னவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். எந்தத் தப்பிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் திணறினார். நான் வந்து நின்றிருக்க வேண்டும் அண்ணி, என்று மட்டும் வந்தது.

அண்ணி மூன்றாவது முறையாக எண்ணைச் சுழற்றினார். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, அவரைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துப் பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் சின்னவர் தாங்கியிருப்பார்.

"எல்லா மேஜைக்கும் போனீங்க. பெட்டி ஒட்டறவங்ககிட்டகூட. உங்க தம்பி இன்னிக்கு உங்ககிட்டதானே வர்றார்னு பக்கத்துல எல்லாரும் கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன். பேக்கிங்லேர்ந்து ஒரு நாற்காலியை இரவல் வாங்கிட்டு வந்து, இதோ, நீங்க நிக்கற இடத்துல போட்டு வச்சேன். நிக்கணும்னுதான் உங்க விதின்னு எனக்குத் தெரியாதே. சாயங்காலம் நானே தூக்கிட்டுப் போய்த் திருப்பிக் குடுப்பேன். மூணு நாளும்."

அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. அண்ணி ரிசீவரை வைத்துவிட்டு, அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நின்றுகொண்டிருக்கிறாரே என்று நினைத்திருக்க வேண்டும்.

"கால் வலிக்கலையா தம்பி?"

"இல்ல அண்ணி."

வலித்தது. அவர் நகரவில்லை. ரிசீவரை எடுத்து, முப்பத்தொன்றாவது கடையின் எண்ணைத் தானே சுழற்றத் தொடங்கினார்.